எந்த 91?

இலக்கியம் பேசும் இடத்தில் பெட்ரோலுக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிக்கப் போகும் நண்பர்களுக்கு முதலிலேயே ஒன்றைக் கூறிவிடுகிறோம். இக்கட்டுரை அடிப்படையில் ஒரு சொல்லாராய்ச்சிதான். ஓர் எண் இரண்டு நாடுகளில் இரண்டு பொருளில் வழங்கி வருகிறது. விற்பவர் அதைச் சொல்வதில்லை, வாங்குபவர் கேட்பதில்லை. அந்தப் பொருள் மயக்கத்தின் விலையை யாரோ ஓர் இளைஞன் தன் சேமிப்பிலிருந்து கொடுக்கிறான். சொல்லுக்குப் பொருள் தேடுவதையே பிழைப்பாகக் கொண்ட நாம் இதில் வாய்மூடி இருப்பதற்கு நியாயம் இல்லை.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பகுதிகளில் கார் மோகம் கொண்ட இளைஞர்களிடம் பேசிப் பார்த்தால் இரண்டு கட்சிகளைக் காணலாம். “ஆக்டேன் கூடக் கூட வண்டிக்கு வலு கூடும், டர்போ வண்டி என்றால் நூறுதான் ஊற்ற வேண்டும்” என்பது ஒரு கட்சி. “எல்லாம் ஒரே பெட்ரோல்தான்; மற்றதெல்லாம் கம்பெனிக்காரன் பித்தலாட்டம்” என்பது மற்றொன்று. இரண்டும் பிழை. முன்னது பணத்தை வீணாக்குகிறது. பின்னது எஞ்சினையே கெடுக்கிறது. டியூன் செய்த டர்போ காருக்கு எந்த ஆக்டேன் தேவை என்பதை அந்த டியூன் எந்த எரிபொருளை நம்பி எழுதப்பட்டதோ அதுவே தீர்மானிக்கிறது. அந்த எண்ணையும் அது எந்த அளவுகோலின்படி அமைந்த எண் என்பதையும் எழுத்தில் பெறாதவன் கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறான். நம் வாதம் இவ்வளவே.

இது எங்கோ ஜெர்மானிய நெடுஞ்சாலையில் நடக்கும் விவகாரம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு லிட்டர் ஈக்கோபூஸ்ட் டர்போ எஞ்சின் பூட்டிய ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் 2013இல் மறைமலை நகரிலிருந்துதான் வெளிவந்தது. (அந்தத் தொழிற்சாலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியது வேறு சோகம்.) இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 2019இல் ஹூண்டாய் வென்யூ டர்போ வந்தது. ஒரகடத்திலிருந்து 2020இல் நிசான் மேக்னைட்டும் 2021இல் ரெனோ கைகரும் வந்தன. சிங்கப்பெருமாள் கோயில் அருகே 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் உருவாகின்றன. தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இத்தனையும் அடங்கும். டர்போ வண்டிகள் பிறக்கும் மண்ணில் வாழ்ந்துகொண்டு, அவை குடிப்பது என்னவென்று நாம் அறியாதிருக்கிறோம்.

ஆக்டேன் எண் என்பது வலுவின் அளவு அன்று, பொறுமையின் அளவு. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் நெருக்குகிறது. ஸ்பார்க் பிளக் பொறி தெறிக்கிறது. தீ அங்கிருந்து புறப்பட்டு முறையாகப் பரவ வேண்டும். அது சென்று சேரும் முன்பே, மூலையில் நெருக்கமும் வெப்பமும் தாளாத மீதிக் கலவை தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். நம் மெக்கானிக்குகள் ‘இன்ஜின் தட்டுது’ என்பார்கள். ஐசோ-ஆக்டேன் என்ற பொருள் இதை நன்றாகத் தாங்கும் என்பதால் அதற்கு 100 என்றும், நார்மல் ஹெப்டேன் சற்றும் தாங்காது என்பதால் அதற்குச் சுழியம் என்றும் 1920களின் பிற்பகுதியில் வரையறுத்தார்கள். 91 என்றால், சோதனை எஞ்சினில் அந்தப் பெட்ரோல், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போல் நடந்துகொள்கிறது என்று பொருள். அதில் 91 விழுக்காடு ஆக்டேன் இருக்கிறது என்று பொருள் அன்று. உவமையை உண்மை எனக் கொள்ளும் பிழை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

டர்போ, வெளியேறும் புகையின் விசையால் சுழன்று காற்றை முன்கூட்டியே நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நெருக்கிய காற்று சூடாகும். 35 பாகை வெப்பமுள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால் அதன் வெப்பம் 100 பாகையைத் தாண்டும். அதைத் தணிக்கவே இன்டர்கூலர். டியூன் செய்பவர் எஞ்சின் கணினியில் உள்ள மேப்பை மாற்றி, டர்போ தரும் அழுத்தத்தைக் கூட்டுகிறார். பொறி தெறிக்கும் கணத்தையும் முன்தள்ளுகிறார். இரண்டும் வலுவைக் கூட்டும். இரண்டும் நாக்கிங்கை அருகில் அழைத்து வரும். கத்திரி வெயிலில் பெருங்களத்தூரில் முக்கால் மணி நேரம் ஊர்ந்துவிட்டு, வண்டலூர் மேம்பாலத்தில் காலை அழுத்தி மிதிக்கும் வண்டியின் இன்டர்கூலருக்குள் தணிப்பதற்கு என்ன மீதமிருக்கும்? குளிர்நாட்டில் எழுதிய மேப் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

இனி முதற்கட்சிக்கு வருவோம். எண் கூடினால் வலு கூடுமா? 1940ஆம் ஆண்டு பிரிட்டன் வான்போரை எடுத்துக்கொள்வோம். ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களின் மெர்லின் எஞ்சின் 87 ஆக்டேன் பெட்ரோலில் சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டு மிகையழுத்தத்தில் ஓடியது. 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்ததும் அதை 12 பவுண்டு வரை உயர்த்த முடிந்தது. விமானிகளுக்குக் கூடுதல் வேகம் கிடைத்தது அழுத்தத்தை உயர்த்தியதால். பெட்ரோல் அதற்கு இடம் கொடுத்தது, அவ்வளவே. அழுத்தத்தை உயர்த்தாமல் நூறை மட்டும் ஊற்றியிருந்தால் அந்த எஞ்சினுக்குப் பெரிதாக எதுவும் நேர்ந்திராது.

அதுபோலத்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் காரும். பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ எழுதியிருக்கும் எண்ணுக்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு ரூபாயும் பெரும்பாலும் நேர்த்திக்கடன். சில வண்டிகளின் கணினி, நல்ல பெட்ரோல் கிடைத்தால் பொறியைச் சற்று முன்தள்ளிப் பயன்பெறும் என்பதை மறுக்கவில்லை. அதற்கும் ஓர் எல்லை உண்டு. அது கையேட்டில் இருக்கும். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் எக்ஸ்பி100 பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது தில்லியில் அதன் விலை லிட்டருக்கு 160 ரூபாய். அன்றைய சாதாரணப் பெட்ரோலைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. அது தரமற்ற பொருள் என்று நாம் சொல்லவில்லை. தேவைப்படும் எஞ்சினுக்கு அது மருந்து. தேவைப்படாத எஞ்சினுக்கு அதை ஊற்றிவிட்டு ‘வண்டி பறக்கிறது’ என்பவர், புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு மதிப்புரை எழுதுபவருக்கு உறவினர்.

இரண்டாம் கட்சியின் பிழை இன்னும் கொடியது. நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் 1.8 லிட்டர் டர்போ செடான் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். அமெரிக்காவில் எழுதிய மேப் ஒன்றை நண்பர் வழியாகப் பெற்று, கிழக்குத் தாம்பரத்துப் பட்டறை ஒன்றில் ஏற்றிக்கொண்டார். மூன்று மாதத்தில் எஞ்சின் திறக்கப்பட்டது. ஒரு பிஸ்டனில் வளையங்களுக்கு இடைப்பட்ட திட்டு உடைந்து, சிலிண்டர் சுவரைக் கீறியிருந்தது. வண்டி வாங்கிய பணத்தில் பாதிக்கு மேல் பழுதுக்கே போயிற்று. நம்மைச் சந்தித்தபோது அவர் கேட்டது இதுதான்:

“ஐயா, அந்த மேப்ல 91 ஆக்டேன்னுதான் போட்டிருந்தது. நம்ம ஊரு பெட்ரோலும் 91தானே? எல்லாம் ஒண்ணுதானேன்னு ஊத்தினேன். அப்புறம் எப்படி?”

“எந்த 91, தம்பி?” என்றோம். அவருக்கு விளங்கவில்லை. பட்டறைக்காரரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

பலபொருள் ஒருசொல் என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். பலபொருள் ஓரெண்ணும் உண்டு. ஆக்டேனை அளக்க இரண்டு சோதனைகள் இருக்கின்றன. ஆர்.ஓ.என். எனப்படும் ஆய்வு முறையில் எஞ்சின் மெதுவாக, மிதமான வெப்பத்தில் ஓடும். எம்.ஓ.என். எனப்படும் மோட்டார் முறையில் இன்னும் வேகமாக, கலவையைச் சூடாக்கி ஓட்டுவார்கள். அதே பெட்ரோலுக்கு இரண்டாவது எண் எட்டு, பத்துப் புள்ளிகள் குறைவாக வரும். இந்தியாவும் ஐரோப்பாவும் பங்க்கில் சொல்வது ஆய்வு முறை எண்ணை. அமெரிக்கர்கள் எழுதி ஒட்டுவது இரண்டின் சராசரியை.

இப்போது கணக்குப் போடலாம். இந்தியத் தர வரையறையில் சாதாரணப் பெட்ரோலின் ஆய்வு எண் குறைந்தது 91, மோட்டார் எண் குறைந்தது 81 என்றிருந்தது. சராசரி 86. ஆக, அமெரிக்க 91ஐ நம்பி எழுதிய மேப்புக்கு அந்த மாணவர் ஊற்றிக்கொண்டிருந்தது அமெரிக்கக் கணக்கில் 86. பிரீமியம் பெட்ரோலின் வரையறையான 95, 85ஐ எடுத்தாலும் சராசரி 90தான் வருகிறது. அமெரிக்க 91 நம் அளவுகோலில் 95, 96க்குச் சமம். அவர்களுடைய 93 நம்முடைய 97, 98க்குச் சமம். நான்கைந்து புள்ளி வேறுபாட்டில் எஞ்சின் உடையுமா என்பார்கள். எஞ்சினில் தட்டலைக் கேட்கும் உணரி இருக்கிறது. அது பொறியைப் பின்தள்ளிக் காப்பாற்றப் பார்க்கும். ஆனால் அதன் எல்லை தொழிற்சாலை மேப்பை மனத்தில் வைத்து அமைத்தது. டியூன் செய்பவர் அழுத்தத்தைக் கூட்டியபின், மே மாத வெயிலில், நான்கைந்து புள்ளி குறைந்த பெட்ரோலில், முழு மிதியில் அந்த எல்லை கடந்துவிட வாய்ப்புண்டு. கடந்துவிட்டால் சில விநாடிகள் போதும்.

“ஐயா, இப்போது சாதாரணப் பெட்ரோலே 95 ஆகிவிட்டதே” என்று சிலர் குறுக்கிடக்கூடும். உண்மை. பி.எஸ்.-2 காலத்தில் 88, பி.எஸ்.-4 காலத்தில் 91, இருபது விழுக்காடு எதனால் கலந்த இப்போதைய பெட்ரோலில் 95 என்று 2025 ஆகஸ்டில் மத்தியப் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. எதனாலின் ஆக்டேன் எண் ஏறத்தாழ 108. அது ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கவும் செய்கிறது. டர்போ எஞ்சினுக்கு இது நல்லதே. எதனாலைக் கண்டாலே வசைபாடும் கூட்டத்தில் நாம் இல்லை.

எனினும் ஆக்டேன் ஒன்றே எரிபொருள் ஆகிவிடாது. எதனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அது எரியக் குறைந்த காற்றே போதும்; அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். பத்து விழுக்காட்டுக் கலவைக்கு எழுதிய மேப்பில் இருபது விழுக்காட்டுக் கலவையை ஊற்றினால் ஏறத்தாழ நான்கு விழுக்காடு கூடுதல் எரிபொருளைக் கணினி தேடிக்கொள்ள வேண்டும். தொழிற்சாலை வண்டி அதைச் சமாளித்துக்கொள்ளும். ஏற்கெனவே இன்ஜெக்டரின் விளிம்பில் ஓடும் டியூன் வண்டி முழு மிதியில் சமாளிக்குமா என்பது மேப்பை எழுதியவர் விடை சொல்ல வேண்டிய கேள்வி. அவர் சொன்னாரா?

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சங்கடம் மழை. எதனால் நீரை ஈர்க்கும். ஓரளவுக்கு மேல் நீர் சேர்ந்தால், அது எதனாலைப் பெட்ரோலிலிருந்து பிரித்துத் தன்னோடு அடியில் இழுத்துக்கொள்ளும். மேலே நிற்கும் பெட்ரோல், எதனாலோடு அது தந்த ஆக்டேனையும் இழந்து நிற்கும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர் தேங்கும் என்பதை நாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தரையடித் தொட்டியில் நீர் புகுந்ததா என்பதை நிலையங்கள் சோதிக்க வேண்டும். சோதித்ததை வாடிக்கையாளர் கேட்டால் காட்ட வேண்டும். காகிதத்தில் 95 என்று இருப்பது குழாய் முனையிலும் 95ஆக இருந்தால்தான் மேப்புக்குப் பயன்.

இப்போது பங்க்கின் மொழிக்கு வருவோம். ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரம் முதல் வண்டலூர் வரை நாம் நின்று பார்த்த பங்க்குகளில் சாதாரணப் பெட்ரோலுக்கான குழாயில் ஆக்டேன் எண்ணைக் காணோம். ஆண்டுக்கணக்கில் நமக்கு விற்கப்பட்டவை ‘ஸ்பீடு’, ‘பவர்’ என்ற பெயர்கள். வேகமும் வலுவும் எஞ்சினின் பண்புகள். அவற்றை எரிபொருளுக்கு ஏற்றிச் சொல்வது விற்பனையாளனின் அணியிலக்கணம். பின்னாளில் 95, 97, 99, 100 என்று எண்ணைப் பெயரிலேயே சேர்த்த வகைகள் வந்தன. அது வரவேற்கத்தக்கது. ஆனால் அங்கும் எண் வந்தது விளம்பரமாகத்தான். சாதாரணப் பெட்ரோலே 95 என்றானபின், 95 என்று பெயர் தாங்கிய விலை கூடிய பெட்ரோலில் கூடுதலாக என்ன இருக்கிறது? எஞ்சினைத் தூய்மை செய்யும் வேதிப்பொருட்கள் என்றால், அதை அப்படியே எழுதலாமே.

நன்னூல் படித்தவர்கள் எண்ணலளவை ஆகுபெயரை அறிவார்கள். பங்க்கில் அதுதான் ஆட்சி செய்கிறது. “அண்ணா, நூறு போடுங்க” என்று நம் மாணவர் ஒருவர் ஆக்டேனை எண்ணிச் சொல்ல, ஊழியர் நூறு ரூபாய்க்குச் சாதாரணப் பெட்ரோல் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். குற்றம் ஊழியருடையது அன்று. அந்த இடத்தில் எண் என்றால் ரூபாய் என்பதே மரபு. தரத்தைக் குறிக்கும் எண் ஒன்று இருக்கிறது என்பதை நாம்தான் அவருக்கும் நமக்கும் பழக்கவில்லை.

அமெரிக்காவில் ஆக்டேன் எண்ணை மஞ்சள் ஒட்டியில் கருப்பு எழுத்தில் ஒவ்வொரு குழாயிலும் ஒட்ட வேண்டும் என்பது பல பத்தாண்டுகளாகச் சட்டம். எந்த முறையில் கண்ட எண் என்பதும் அதிலேயே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் எதனால் அளவைக் குறிக்கும் அடையாளம் குழாயிலும் புதிய வண்டியின் மூடியிலும் உண்டு. நம் நாட்டில் எதனால் கலவாத பெட்ரோலையும் தெரிவுக்கு வைக்க வேண்டும், கலப்பின் அளவைப் பங்க்குகளில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1ஆம் நாள் தள்ளுபடி செய்தது. முதற்கோரிக்கையைப் பற்றி இருவேறு கருத்துகள் இருக்கலாம். எழுதி வை என்பதில் என்ன கருத்து வேறுபாடு இருக்க முடியும்? பிஸ்கட் பொட்டலத்தில் சர்க்கரை அளவு எழுதும் நாட்டில், பெட்ரோல் குழாயில் இரண்டு எண்களை எழுத இடமில்லையா?

இதெல்லாம் வசதி படைத்தவர்களின் விளையாட்டு, அதுவும் சட்டத்துக்குப் புறம்பானது என்பது இன்னொரு மறுப்பு. வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. டியூன் செய்த வண்டிக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் நிற்காது. இவற்றை இளைஞர்கள் அறிந்தே இறங்க வேண்டும்; பொதுச்சாலையைப் பந்தயத் தடமாக்குபவர்களுக்காக நாம் வாதாட வரவில்லை. ஆனால் டியூன் செய்யும் தொழில் திறந்த கடைகளில் நடக்கிறது, பணம் வாங்குகிறது. தடை இருக்கிறது என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வது, வாங்குபவனை மட்டும் தனியே விட்டுவிட்டுப் போவதாகும். வசதி படைத்தவன் இன்னொரு எஞ்சின் வாங்கிக்கொள்வான். பழைய டர்போ வண்டியைத் தவணையில் வாங்கியவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எனவே, டியூன் செய்யப் போகும் இளைஞர்களுக்கு: மேப்பை ஏற்றும் முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள். எத்தனை ஆக்டேனுக்கு எழுதியது? அது ஆர்.ஓ.என். கணக்கா, அமெரிக்கச் சராசரியா? எத்தனை விழுக்காடு எதனாலுக்கு எழுதியது? இவற்றுக்கு விடை எழுதித் தராத கடையிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். அடுத்து, கிடைக்கும் பெட்ரோலுக்கு மேப் எழுதச் சொல்லுங்கள். மேப்புக்குப் பெட்ரோல் தேடி அலையாதீர்கள். நூறு ஆக்டேன் சென்னையில் சில நிலையங்களில் கிடைக்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது திண்டிவனம் தாண்டி இரவு இரண்டு மணிக்கு யார் தருவார்? அப்படி ஒரு நாள் குறைந்த எண்ணை ஊற்ற நேர்ந்தால் தொழிற்சாலை மேப்புக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்ரோலைக் கலந்தால் எண் ஏறத்தாழ இடையில் வரும். பாதி 95, பாதி 100 என்றால் 97க்குச் சற்று மேல். அது அவசரத்துக்கு உதவும், திட்டமாகாது. ஏற்றியபின், மே மாத நண்பகலில் ஒரு முறை வண்டியைக் கணினியோடு இணைத்து, பொறி எவ்வளவு பின்தள்ளப்படுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். டிசம்பர் காலையில் எடுத்த அளவு நம் ஊருக்கு அளவே அன்று.

எண்ணெய் நிறுவனங்களிடம் நாம் கேட்பது இன்னும் எளியது. விலைப்பலகையில் ரூபாயையும் காசையும் இரண்டு தசமம் வரை எழுதும் நீங்கள், அதன் கீழேயே ஆய்வு ஆக்டேன் எண்ணையும் எதனால் விழுக்காட்டையும் தமிழில் எழுதி வையுங்கள். அதற்குப் புதிய ஆய்வகம் வேண்டியதில்லை. அந்த எண்கள் உங்கள் ஏடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. எழுதி வைக்கும் வரை, பங்க்கில் நிற்கும் ஒவ்வொருவரும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம் மாணவர் இப்போது கேட்கிறார். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்களாம்.